நுவரெலியாக் குளிரில் ஐந்து குழாய் பியர்: எப்படிச் சுவைப்பது, எதற்கு மதிப்பெண் குறைப்பது?

கொழுந்துமேடு:
நுவரெலியாவில் சின்ன ப்ரூபப் ஒன்று. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். ஐந்து குழாய்: லாகர், கோதுமை பியர், பேல் ஏல், ஐபிஏ (கசப்புக் கூடிய பேல் ஏல்), கித்துல் பாணி (கித்துல் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) சேர்த்த ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். ஆறு பேர் உட்கார்ந்து ஐந்தையும் சுவைத்து ப்ரூவருக்கு எழுத்தில் கருத்துக் கொடுக்க வேண்டும். கேட்டதே அவர்தான். "நல்லா இருக்கு", "கொஞ்சம் கசக்குது" என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

லாகரில் அவித்த சோள வாசம், ஸ்டவுட்டில் பட்டர் வாசம் என்று ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. இது காய்ச்சியதில் வந்த பிழையா, ஊற்றுவதில் வந்த பிழையா என்று எப்படிப் பிரித்தறிவது? எந்த வரிசையில் சுவைப்பது, மதிப்பெண் தாள் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

உருசிமேசை:
தாளைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 1985இல் தொடங்கிய, பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் 50 மதிப்பெண் தாள் போதும். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு 3தான் என்பதைக் கவனியுங்கள். கலங்கலாக இருக்கிறது என்பதற்காக ஒரு பியரை யாரும் கீழே தள்ளிவிட முடியாது. 38க்கு மேல் போனால் மிகச் சிறந்த பியர். 30 முதல் 37 வரை நன்றாகக் காய்ச்சியது, சின்னக் குறை உண்டு. 21 முதல் 29 என்றால் குடிக்கலாம், ஆனால் வகைக்குப் பொருந்தவில்லை அல்லது ஏதோ ஒரு பிழை தெரிகிறது. 20க்குக் கீழே போனால் பிழை தெளிவாகவே இருக்கிறது.

வரிசை: லாகர், கோதுமை, பேல் ஏல், ஐபிஏ, ஸ்டவுட். கசப்பும் வறுத்த மோல்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) நாக்கில் தங்கிவிடும், அதனால் அவை கடைசியில் வர வேண்டும். ஆளுக்கு 60 முதல் 90 மில்லி போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மணம் தங்க மேலே இடம் வேண்டும்.

ஊற்றியவுடன் முதல் வேலை முகர்வது, பார்ப்பது அதற்குப் பிறகு. கந்தக வாசனை போன்ற சில மணங்கள் ஒரு நிமிடத்துக்குள் பறந்துவிடும். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை முகர்ந்து உடனே எழுதுங்கள். பிறகு கிளாஸை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி மறுபடி முகருங்கள். மூக்கு களைத்தால் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் மீளும். எல்லாரும் எழுதி முடிக்கும் வரை பேச்சு வேண்டாம். ஒருவர் "பட்டர்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் பட்டர் வந்துவிடும்.

நானுஓயா_டீரூம்:
தேயிலை ருசி பார்க்கிற பழக்கத்தில இருந்து கேட்கிறேன். நாங்க உறிஞ்சி, வாயில சுழற்றித் துப்பிடுவோம். பியருக்கும் அப்படிச் செய்யலாமா?

இன்னொன்றும் சொல்லணும். மலையில சளி, தலையிடி என்றால் நெற்றியில தைலம் தடவிக்கொண்டு வருவாங்க. ஒரு ஆள் தைலத்தோட இருந்தால் மேசையே கெட்டுப்போகும். வெற்றிலை, சிகரெட், வாசனைத் தைலம் எதுவும் கூடாது. வெறும் தேத்தண்ணியும் சுவைக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாடியே நிறுத்திடணும். சாயத்தில இருக்கிற துவர்ப்பு நாக்கில ஒட்டிக்கொண்டால் பேல் ஏல் எல்லாம் துவர்க்கிற மாதிரித்தான் தெரியும்.

உருசிமேசை:
தைலத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை அக்கா, அழைப்பிலேயே எழுத வேண்டியது அது.

பியரைக் கொஞ்சம் விழுங்கத்தான் வேண்டும். விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும் மணமும், பிறகு தங்கி நிற்கும் கசப்பும் மதிப்பீட்டில் பெரிய பங்கு. கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, கூர்மையாகவா மென்மையாகவா என்பது துப்பினால் சரியாகத் தெரியாது. ஒரு பியருக்கு இரண்டு மூன்று வாய் போதும். ஐந்துக்கும் 75 மில்லி வீதம் ஊற்றினாலும் மொத்தம் 375 மில்லிதான். ஆனாலும் வளைவு வீதியில் வண்டி ஓட்டப் போகிறவரைச் சுவைக்க வைக்காதீர்கள், அவர் ஊற்றுகிற வேலையைப் பார்க்கட்டும்.

இடையில் வெறும் பாணும் தண்ணீரும். பபில் கொடுக்கும் டெவல் கடலை, வடை எல்லாம் முடிந்த பிறகு. மிளகாய் உறைப்பு இருக்கும்போது அற்ககோல் சூடும் கசப்பும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

பதுளை_பைப்லைன்:
ப்ரூவரைக் குறை சொல்ல முன்னாடி குழாயையும் கிளாஸையும் பாருங்க. சின்ன பப்களில் பாதி முறைப்பாடு அங்கேதான் முடியும்.

கிளாஸ்: சமையலறையில் கறித் தட்டு கழுவுற அதே ஸ்பொஞ்ச், அதே சவர்க்காரக் கட்டியால் கழுவினால் தேங்காய் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். நுரை அரை நிமிடத்தில் செத்துப்போகும். சோதிக்கச் சுலபமான வழி இருக்கு. கிளாஸைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்து வடிய விட்டு, உள்ளே உப்புத் தூவுங்க. உப்பு எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம். வெறுமையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அங்கே எண்ணெய். பியர் ஊற்றின பிறகு உள்சுவரில் குமிழி ஒட்டி நின்றாலும் அதே கதைதான். துணியால் துடைக்காதீங்க, கவிழ்த்துக் காய விடுங்க.

குழாய்: 14 நாளைக்கு ஒரு தடவை ஏறத்தாழ 2 சதவீதக் காரக் கரைசலை லைனில், அதாவது கெக்கில் (பியர் அடைத்த உலோகப் பீப்பாயில்) இருந்து பியர் வருகிற குழாயில், 15 நிமிடம் சுற்ற விடணும். பம்ப் இல்லாமல் நிரப்பி வைக்கிறதென்றால் 20 நிமிடம். பிறகு காரம் முழுக்கப் போகும் வரை தண்ணீர் விட்டுக் கழுவணும். குழாய் மூக்கைக் கழற்றித் துலக்காமல் விட்டால் மற்றதெல்லாம் செய்தும் பலனில்லை, புளிப்பு அங்கேதான் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அமிலக் கழுவல், கற்படிவு போக.

பௌர்ணமிப் போயா நாளில் விற்பனை கிடையாது. ஆகவே போயாவுக்கு மறுநாள் காலையில் சுவைக்க உட்காராதீங்க. உட்கார்ந்தே ஆகணும் என்றால் லைனில் தேங்கினதை முழுக்க வெளியே விடுங்க. உள்விட்டம் 6 மில்லிமீற்றர் குழாயில் மீற்றருக்கு 28 மில்லி நிற்கும். 5 மீற்றர் லைன் என்றால் 140 மில்லி. 200 மில்லி விட்டுவிட்டு அடுத்ததை ஊற்றினால் கெக்கில் இருக்கிற பியரைச் சுவைக்கலாம்.

கொழுந்துமேடு:
அண்ணே, கிளாஸ் சுத்தமாக இருந்தும் முதலில் நுரை பொங்கி, ஐந்து நிமிடத்தில் பியர் சப்பென்று போகிறது. அது ஏன்?

ஹட்டன்_மோல்ட்:
அதற்குக் காரணம் உயரம். சோள வாசத்துக்கும் பெரும்பாலும் அதுவேதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கெக்கில் மாட்டும் கேஸ் மானி வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டுமே காட்டும். கொழும்பில் 4 பாகையில் 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வைத்தால் பியரின் கனவளவைப் போல் 2.5 பங்கு கார்பனீரொட்சைட்டு கரையும். அதே 12ஐ நுவரெலியாவில் வைத்தால் ஏறத்தாழ 2.2தான் கரையும். 600 மீற்றருக்கு ஒரு பிஎஸ்ஐ கூட்டுவது கைக்கணக்கு, ஆகவே அங்கே 15. பண்டாரவளை உயரத்தில் 14 போதும். கரைந்த பிறகும் வெளியே அழுத்தம் குறைவென்பதால் கிளாஸில் கேஸ் வேகமாக வெளியேறும். நுரை பொங்குகிறதே என்று பபில் அழுத்தத்தை இன்னும் குறைப்பார்கள், பியர் இன்னும் சப்பென்று ஆகும். சரியான வழி அழுத்தத்தை வைத்துக்கொண்டு லைனை நீட்டுவது, அல்லது உள்விட்டம் குறைந்த குழாய் போடுவது. வாய்க்கனத்துக்கான 5 மதிப்பெண்ணில் இது நேராக அடிபடும்.

இனி கொதிப்பு. அங்கே தண்ணீர் 94 பாகையில் கொதிக்கிறது, வோர்ட் (மோல்ட்டை ஊறவைத்து வடித்த, இன்னும் நொதிக்காத சாறு) அதைவிடச் சற்றே மேலே. இந்த 6 பாகை வித்தியாசம் இரண்டு இடத்தில் கடிக்கும்.

ஒன்று டிஎம்எஸ், அதாவது அந்த அவித்த சோள வாசம். வெளிறிய பில்ஸ்னர் மோல்ட்டில் இருக்கும் ஒரு சேர்மம் சூட்டில் உடைந்து டிஎம்எஸ் ஆகி ஆவியோடு போக வேண்டும். 100 பாகையில் அது பாதியாகக் குறைய 40 நிமிடம் அளவில் ஆகும். சூடு 6 பாகை இறங்கினால் அந்த நேரம் இரட்டிப்பாகும். கடற்கரையில் ஒரு மணி நேரம் கொதித்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். நுவரெலியாவில் அதே ஒரு மணி நேரத்துக்குப் பாதிக்கு மேல் மிஞ்சும். மிஞ்சியது கொதிப்பு நின்ற பிறகும் சூட்டில் உடைந்துகொண்டே இருக்கும், ஆனால் வெளியேற ஆவி இருக்காது. அதுதான் கிளாஸுக்கு வருகிறது. ஆகவே குறைந்தது 90 நிமிடம், முடிந்தால் 120 நிமிடம், மூடியைத் திறந்து வைத்து நன்றாகப் பொங்கக் கொதிக்க வேண்டும். பாத்திரத்தைப் பாதி மூடிக் கொதிப்பது விறகையும் கேஸையும் மிச்சம் பிடிக்கும், லாகரைக் கெடுக்கும். கொதித்தவுடன் வேகமாகக் குளிர்த்த வேண்டும். இதில் மலைநாட்டுக்கு ஒரு சாதகம், குழாய்த் தண்ணீரே குளிர்ச்சி. பில்ஸ்னர் மோல்ட்டுக்குப் பதில் பேல் ஏல் மோல்ட் போட்டால் பிரச்சினை பெருமளவு குறையும், அது கூடிய சூட்டில் உலர்த்தியது. நிறமும் சுவையும் சற்று மாறும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கசப்பு. ஹொப்ஸின் (பியருக்குக் கசப்புத் தரும் பூ) அல்பா அமிலம் கசப்பாக மாறும் வேகம் 94 பாகையில் ஐந்தில் மூன்று பங்குதான். பலகையில் ஐபிஏ "45 ஐபியு" (கசப்பை அளக்கும் அலகு) என்று எழுதியிருந்தால், கடல்மட்டக் கணக்கில் வந்த எண்ணா என்று கேளுங்கள். அப்படியானால் உண்மையில் 30ஐ ஒட்டித்தான் நிற்கும். பிஜேசிபி வகை விவரத்தில் அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70. அதைச் சுவைத்து "கசப்பு போதவில்லை, மோல்ட் இனிப்பு மேலே நிற்கிறது" என்று எழுதினால் எழுதியது சரி. தொடக்கத்தில் போடும் ஹொப்ஸை ஒன்றரை மடங்கு ஆக்கினால் போதும் என்று காரணத்தோடு எழுதினால் அது அவருக்குக் கை கொடுக்கும்.

நானுஓயா_டீரூம்:
அப்போ உயரத்துக்காகக் கொஞ்சம் சலுகை கொடுத்து மதிப்பெண் போடணுமா? மலையில காய்ச்சுறதே கஷ்டம்தானே.

உருசிமேசை:
கூடாது அக்கா. கிளாஸில் இருப்பதற்கு மட்டும்தான் மதிப்பெண். நுவரெலியாவில் 1881 முதல் நூறாண்டுக்கு மேல் பெரிய அளவில் பியர் காய்ச்சினார்கள். அந்தத் தொழிற்சாலை பியகமவுக்குப் போனது 1990களின் இறுதியில்தான். உயரம் தீர்க்க முடியாத தடை இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சோள வாசத்துக்கு மணத்தில் மூன்று நான்கு குறையுங்கள், சுவையிலும் குறையுங்கள். உயரத்தைப் பற்றிக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

கொழுந்துமேடு:
ஸ்டவுட்டில் பட்டர்? சிலர் அது கித்துல் பாணி வாசம் என்கிறார்கள்.

ஹட்டன்_மோல்ட்:
கித்துல் பாணி வேறு, டயசெட்டைல் வேறு. டயசெட்டைல் என்றால் செயற்கைப் பட்டர், பொப்கோர்ன் வாசம், கூடவே நாக்கில் வழுவழுப்பு. பாணியின் மணம் விறகுப் புகையும் கருகிய சர்க்கரையும் கலந்தது, வழுவழுப்பு வராது. சிலருக்கு டயசெட்டைலை முகரவே முடியாது, அதனால் ஒருவர் மட்டும் "இல்லை" என்றால் நம்ப வேண்டாம். குறைந்தது மூன்று பேர் சொல்ல வேண்டும்.

எங்கே வந்தது என்று பிரிக்க, குழாயில் ஒரு கிளாஸ், கெக்கில் இருந்தோ டாங்கியில் இருந்தோ நேராக ஒரு கிளாஸ் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். குழாயில் மட்டும் பட்டர் என்றால் லைனில் பக்டீரியா, பதுளை அண்ணன் சொன்ன காரக் கழுவல்தான் மருந்து. இரண்டிலும் இருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. இரவில் நுவரெலியாக் குளிர் டாங்கிக்குள் இறங்கினால் ஈஸ்ட் முன்னதாகவே அடியில் படிந்துவிடும், தான் உண்டாக்கிய டயசெட்டைலைத் திரும்பத் தின்னாமல். நொதிப்பு முடிய இன்னும் 3 முதல் 5 புள்ளி அடர்த்தி (0.003 முதல் 0.005) இறங்க இருக்கும்போது டாங்கியை 18 முதல் 20 பாகைக்கு ஏற்றி, இரண்டு மூன்று நாள் பிடித்து வைக்க வேண்டும். டாங்கியைச் சுற்றிச் சூட்டுப் பட்டியும் போர்வையும் போதும்.

டாங்கியைக் குளிர்த்துவதற்கு முன் ஒரு சோதனை: இரண்டு மூடிய போத்தலில் மாதிரி எடுங்கள். ஒன்றை 60 பாகைத் தண்ணீரில் 20 நிமிடம் வைத்து எடுத்து, மற்றதன் சூட்டுக்கே ஆற்றிவிட்டு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் பட்டர் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் குளிர்த்தலாம்.

டிக்கோயாக்காரன்:
கித்துல் ஸ்டவுட்டில் இனிப்பே இல்லை. பாணி போட்டது என்று சொல்லி விற்கிறார்கள். அதற்குக் குறைக்க வேண்டாமா?

ஹட்டன்_மோல்ட்:
வேண்டாம் தம்பி. பாணியில் பெரும்பகுதி சுக்ரோஸ், ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும். இனிப்புப் போய்ப் புகை மணமும் இலேசான கருகலும் மட்டும் நிற்கும். நிற்க வேண்டியதும் அதுதான். அந்த மணம் தெரியவில்லையென்றால் குறையுங்கள், அதற்குக் காரணம் பாணியைக் கொதிப்பின் தொடக்கத்திலேயே ஊற்றியதாக இருக்கும். கடைசி 5 நிமிடத்தில், அல்லது நொதிப்பு அடங்கத் தொடங்கும்போது சேர்த்தால் மணம் தங்கும். 20 லீற்றருக்கு 500 கிராம் நல்ல அளவு. ஒரு கிலோவுக்கு மேல் போனால் உடல் மெலிந்து தண்ணீராகத் தெரியும்.

உருசிமேசை:
எந்த வகையோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட்டோடு ஒப்பிட்டால் இது எப்போதும் தோற்கும். 2021 பிஜேசிபி விவரத்தில் ட்ரொப்பிகல் ஸ்டவுட் என்ற வகை இருக்கிறது: அற்ககோல் 5.5 முதல் 8 சதவீதம், கசப்பு 30 முதல் 50 ஐபியு, பழ மணம் கூடுதல், வறுவல் மென்மை. எடுத்துக்காட்டுப் பட்டியலில் நம்முடைய லயன் ஸ்டவுட்டும் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து, மாற்றுச் சர்க்கரை சேர்த்த பியர் என்ற பிரிவில் மதிப்பிடுங்கள். ப்ரூவர் எதை மனதில் வைத்துக் காய்ச்சினார் என்பதை முன்கூட்டியே ஒரு வரியில் கேட்டுத் தாளின் மேல் எழுதி விடுங்கள்.

ஸ்டவுட் 4 பாகையில் வந்தால் உடனே மதிப்பெண் போடாதீர்கள். 10 முதல் 13 பாகையில்தான் வறுத்த மோல்ட்டும் பாணியும் திறக்கும். நுவரெலியா அறைக் குளிரில் அது தானாகச் சூடேற நேரமெடுக்கும், இரண்டு கையாலும் பொத்திப் பிடியுங்கள். லாகருக்கு 4 முதல் 7, ஏல்களுக்கு 7 முதல் 10.

டிக்கோயாக்காரன்:
வெளியே புல்தரையில் மேசை போட்டால் என்ன? வெயில் இதமாக இருக்கும்.

பதுளை_பைப்லைன்:
வேண்டவே வேண்டாம். மலை வெயில் உடம்புக்கு இதம், பியருக்கு நஞ்சு. ஹொப்ஸின் கசப்புச் சேர்மம் வெளிச்சத்தில் உடைந்து சில நிமிடத்திலேயே நாற்றம் எடுக்கும். கண்ணாடிக் கிளாஸ் அதைத் தடுக்காது. பேல் ஏலிலும் ஐபிஏவிலும் அது முதலில் தெரியும், ப்ரூவர் செய்யாத பிழைக்கு அவர் மதிப்பெண் இழப்பார். உள்ளே, வெள்ளை மேசைவிரிப்பில் உட்காருங்க.

கொழுந்துமேடு:
கோதுமை பியரில் கராம்பு மணம் நன்றாக இருந்தது, ஆனால் பின்னால் மருந்துக் கடை வாசமும் வந்தது. இரண்டும் ஒன்றா?

ஹட்டன்_மோல்ட்:
இரண்டு வேறு. கராம்பு அந்த ஈஸ்ட்டின் இயல்பு, வாழைப்பழ மணத்தோடு சேர்ந்து வந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். மருந்துக் கடை, பிளாஸ்டர் வாசம் குளோரோபினோல். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பினோலோடு சேர்ந்தால் வரும். மிகச் சின்ன அளவிலேயே மூக்குக்குத் தெரியும், சேமித்து வைத்தாலும் போகாது. குளோரின் கலந்த நீரென்றால் 75 லீற்றருக்கு ஒரு கேம்டன் மாத்திரை (குளோரினை நீக்கும் சல்பைட் மாத்திரை) பொடித்துப் போட்டுக் கலக்கினால் போதும். ஊற்று நீர் எடுக்கிறவர் என்றால், பாத்திரம் கழுவிய ப்ளீச் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. மலை ஊற்று நீர் மென்மையானது, கல்சியம் குறைவு. லாகருக்கு நல்லது. ஐபிஏவில் கசப்பு மழுங்கித் தெரிந்தால் 10 லீற்றருக்கு 2 கிராம் ஜிப்சம் சேர்க்கலாம். கல்சியம் 46, சல்பேட் 110 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) அளவு ஏறும்.

நானுஓயா_டீரூம்:
ஆறு பேரும் ஆறு மதிப்பெண் போட்டால் என்ன செய்றது? சராசரி எடுத்தால் போதுமா?

உருசிமேசை:
முதலில் எல்லாரும் எழுதி முடித்ததும் மதிப்பெண்ணை வாசியுங்கள். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் 7க்கு மேல் இடைவெளி இருந்தால் பேசுங்கள். அப்போதும் யாரையும் வற்புறுத்தாமல், "நீங்கள் கண்ட பிழையை மறுபடி முகர்ந்து பார்க்கலாமா" என்று கேட்டால் போதும். பிறகு சராசரி. ஆனால் ப்ரூவருக்கு எண்ணை விட, எந்தப் பிழையை ஆறில் எத்தனை பேர் கண்டார்கள் என்பதுதான் முக்கியம். "சோள வாசம், ஆறில் ஐவர், மணத்தில் தெளிவாக, சுவையில் இலேசாக, சூடேறியபோது கூடியது" என்று எழுதுங்கள். அதைப் பார்த்து அவர் கொதிப்பு நேரத்தை மாற்றலாம்.

கொழுந்துமேடு:
அவர் மாற்றிக் காய்ச்சிய பிறகு உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? பழையதை விடப் புதியது நல்லது என்றுதானே மனம் சொல்லும்.

உருசிமேசை:
அதனால்தான் எது பழையது என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. அடியில் மட்டும் எண் எழுதி, ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றி வையுங்கள். இரண்டும் ஒரே சூட்டில், ஒரே நுரையில் இருக்க வேண்டும். நிறம் வேறென்றால் கறுப்புக் கப்பில் ஊற்றுங்கள். எது தனியானது என்பது மட்டுமே கேள்வி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். ஆகவே ஆறு பேரில் ஐந்து பேர், ஒன்பது பேரில் ஆறு பேர், பன்னிரண்டு பேரில் எட்டு பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதலாம். அந்த எண்ணிக்கை வரவில்லையென்றால் எது நல்லது என்ற கேள்விக்கே போகாதீர்கள்.

பதுளை_பைப்லைன்:
பழைய பியரில் அந்தச் சோதனைக்கு இரண்டு லீற்றர் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்க. கபில நிறப் போத்தல், முதலில் கேஸ் விட்டுக் காற்றை வெளியேற்றி, வாய் வரை நிரப்பி, நுரை பொங்கும்போதே மூடி போடணும். பிரிட்ஜில் 4 பாகையில் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கணும். ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் போனால் ஈர அட்டை வாசம் வரத் தொடங்கும், பிறகு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.